வெள்ளை கிட்டாரில் குங்குமம்

வெள்ளை பெயிண்ட் அடிக்கிறவர்களுக்கு ஜென்ம எதிரி ஒன்று உண்டென்றால் அது சிவப்புதான். கறுப்பைக்கூட வெள்ளையால் மூடிவிடலாம். பச்சை, நீலம் எல்லாம் இரண்டு கோட்டில் வாயை மூடிக்கொண்டு அடங்கிவிடும். சிவப்பு மட்டும் அடங்காது. மேலே எத்தனை வெள்ளை பூசினாலும், காய்ந்து முடிப்பதற்குள் ரோஸ் நிறமாக ஏறி வந்து எட்டிப் பார்க்கும். சுவருக்கு அடிக்கிற பெயிண்டர் முதல் கார் டிங்கரிங் கடைக்காரர் வரை இதற்காகச் சிவப்பைத் திட்டாதவர்கள் கிடையாது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்த கயல்விழிக்கும் இது நன்றாகவே தெரியும். தெரிந்து என்ன செய்ய, அன்றைக்கு விதி வேறு மாதிரி இருந்தது.

அது இரண்டாயிரத்துப் பத்தாம் வருஷத்து ஆயுதபூஜை. கடைத்தெருவுக்குப் போய்விட்டு ஒரு கையில் பொரிப் பையும் இன்னொரு கையில் வாழைப்பழச் சீப்புமாக அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது, கூடத்தில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. விளக்குக்கு முன்னால் பலகை போட்டு, அவளுடைய பிரஷ்கள், தையல் மிஷின், அரிவாள்மனை எல்லாம் பொட்டும் பூவுமாக உட்கார்ந்திருந்தன. நட்டநடுவில் ஒரு எலக்ட்ரிக் கிட்டாரின் உடம்பு. கழுத்தும் கம்பியும் இல்லாத வெறும் கட்டை. அவள் கையால் தேய்த்து, பட்டி வைத்து, பளிச்சென்று வெள்ளை அடித்த கட்டை. அதன் மேல் மூன்று இடத்தில் சந்தனம் வைத்து, சந்தனத்தின் மேல் குங்குமம் அழுத்தி, ஒரு சாமந்திப்பூவையும் சாத்தி வைத்திருந்தாள் அவளுடைய அம்மா ஞானாம்பாள்.

"எப்புடி, பூச நல்லா அமைஞ்சிருக்கா?" என்றாள் ஞானாம்பாள். முகத்தில் அவ்வளவு பெருமை.

கயல்விழி அந்த மூன்று பொட்டையே பயத்தோடு பார்த்தாள்.

ஒரு பொட்டுக்கு இத்தனை பயமா என்று கேட்பவர்களுக்கு, மூன்று வருஷத்துக்கு முன்னால் சிதம்பரத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கயல்விழி ஆரோக்கியராஜைக் காதலித்து ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டு, மாலையும் கழுத்துமாகத் தாய்வீட்டு வாசலில் போய் நின்றாள். ஞானாம்பாள் குதிக்கவில்லை, அழவில்லை. பையன் கிறிஸ்தவன் என்பதைக்கூட ஒரு மாதிரி விழுங்கிக்கொண்டிருந்தாள். ஆரத்தித் தட்டோடு வாசலுக்கு வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "நெத்தியில குங்குமம் வெச்சிக்கிட்டு உள்ள வாங்க." ஆரோக்கியராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, மரியாதையாகத்தான் சொன்னான்: "மன்னிச்சிடுங்க அத்த, வெச்சிக்க மாட்டேன். இப்ப வெச்சிக்கிட்டு அப்பறம் தெருமுனையில அழிச்சிட்டா அது உங்கள ஏமாத்துறது." ஞானாம்பாள் தட்டைப் படியிலேயே வைத்துவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு அவள் மகள் முகத்தில் முழிக்கவில்லை. அப்பா சபாபதி எப்போதோ இறங்கி வந்துவிட்டார். வந்து போகவும் செய்தார். போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னால் மட்டும், "வேலையா இருக்காளாம்" என்று சங்கடத்தோடு சொல்வார்.

அப்படிப்பட்ட அம்மா அன்றைக்குக் காலையில் ஒரு வயர்கூடையோடு தானாக வந்து வாசலில் நின்றாள். ஆரோக்கியராஜ் அன்றைக்குச் சிதம்பரத்துக்குப் போயிருக்கிறான், சாயந்தரம்தான் திரும்புவான் என்று சபாபதி மூலம் தெரிந்துகொண்டுதான் அவள் வந்திருந்தாள். "அவரு வர்றதுக்குள்ள கெளம்பிடுவேன்" என்று உட்காரும்போதே சொல்லிவிட்டாள். இருந்தாலும் வந்துவிட்டாளே! இந்த ஒரு நாள் நல்லபடியாகப் போனால் அம்மா இன்னொரு நாளும் வருவாள். இன்றைக்கு ஏதாவது ஏடாகூடமாகிவிட்டால் அவ்வளவுதான், இனி இந்த ஜென்மத்தில் வரமாட்டாள். ஞானாம்பாளை அறிந்தவர்கள் யாரும் இதில் சந்தேகப்பட மாட்டார்கள்.

அந்தக் கிட்டாரும் லேசுப்பட்டதல்ல. பகலில் கூரியர் ஆபீஸ் வேலை, சாயந்தரம் லைட் மியூசிக் குரூப்பில் வாசிப்பு என்று ஓடிக்கொண்டிருந்த ஆரோக்கியராஜுக்கு, சிதம்பரத்தில் படிப்பை முடித்து ஊருக்குக் கிளம்பிய ஒரு வடநாட்டுப் பையனிடமிருந்து அது கிடைத்தது. சத்தம் அருமை. ஆனால் கோலம் சகிக்காது. கறுப்பு பெயிண்ட் ஓரமெல்லாம் பெயர்ந்து, முன்பக்கம் முழுக்க மண்டையோட்டு ஸ்டிக்கர். கல்யாண ரிசப்ஷனில் மண்டையோட்டைக் கட்டிக்கொண்டு எப்படிப் போய் நிற்பது? "நான் புதுசாக்கித் தர்றேன்" என்று கயல்விழிதான் வாயைக் கொடுத்தாள்.

கொடுத்த வாய்க்குக் கை படாத பாடு பட்டது. கழுத்தைக் கழற்றி, கம்பி, தகடு, வயர் எல்லாம் பிரித்து, ஸ்டிக்கரை இஸ்திரிப் பெட்டிச் சூட்டில் இளக்கி உரித்தாள். பெயிண்ட் ரிமூவர் போட்டுச் சுரண்டினாள். சொரசொரப்பான எமரி ஷீட்டில் தொடங்கி, வழவழப்பான ஷீட்டுக்கு வந்து, கடைசியில் தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற பேப்பர் வரை வந்தாள். பள்ளங்களை அடைக்க மரத்துக்கு வைக்கிற பட்டி. அதற்கு மேல் அடிப்பூச்சாகச் சீலர், பிரைமர். பிறகு ஸ்ப்ரே டப்பாவில் வெள்ளை. கடலூர் காற்றில் எப்போதும் ஒரு பிசுபிசுப்பு உண்டு. அந்த ஈரத்தில் அடித்தால் பெயிண்ட் மங்கிப்போகும். அதனால் உச்சி வெயில் வரும்வரை காத்திருந்து, மெல்லிசாக ஒரு கோட், அது காய்ந்து இன்னொரு கோட். கடைசிக் கோட் முந்தின நாள்தான் முடிந்திருந்தது. செப்புக் கம்பியில் கட்டிப் பின்னறைக் கொக்கியில் தொங்கவிட்டிருந்தாள். அந்த வெள்ளை மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே பச்சையாக இருக்கும். நகம் பட்டாலே தடம் விழும் என்று புருஷனையே கிட்ட விடவில்லை.

மறுநாள் விஜயதசமி அன்று சாயந்தரம் சிதம்பரத்தில் ஒரு லாரி ஷெட் விழா. அதில் ஆரோக்கியராஜ் முதன்முதலாக முன்னால் நின்று வாசிக்கப் போகிறான். வயர் வேலையைச் சிதம்பரத்தில் ரேடியோக் கடை வைத்திருக்கும் சிநேகிதன் சடையப்பன் செய்துகொண்டிருந்தான். அதை வாங்கிவரத்தான் ஆரோக்கியராஜ் போயிருந்தான்.

அம்மாவிடம் "அந்தக் கட்டையை மட்டும் தொடாதே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மூன்று வருஷம் கழித்து வந்தவளிடம் அதைத் தொடாதே, இதைத் தொடாதே என்று எப்படிச் சொல்வது என்று கயல்விழி சும்மா இருந்துவிட்டாள். வந்தவளோ பூஜைக்கு ஒரு ஏற்பாடும் இல்லாத வீட்டைச் சுற்றிப் பார்த்து, மகளைப் பொரி வாங்க அனுப்பிவிட்டு, கண்ணில் பட்ட தொழில் சாமானையெல்லாம் கொண்டுவந்து கூடத்தில் பரப்பிவிட்டாள்.

"ஏம்மா இதப் போயி எடுத்த?" என்றாள் கயல்விழி.

"எடுக்காம? அவருக்குச் சோறு போடுற சாமான் இதானே? ஒன்னோட பிரஷ்ஷுக்கு வெச்சேன், அரிவாமனைக்கு வெச்சேன். இத மட்டும் வுட்டா நல்லாவா இருக்கும்?"

கயல்விழி அம்மாவின் முகத்தையே பார்த்தாள். இது பாசமா, பழைய பிடிவாதமா? அன்றைக்கு நெற்றியில் வைக்க முடியாததை இன்றைக்குக் கிட்டாரில் வைத்துவிட்டோம் என்ற திருப்தியா? பெற்ற மகளுக்கே பிடிபடவில்லை. அப்படியிருக்க ஆரோக்கியராஜ் எப்படி எடுத்துக்கொள்வான்? மற்ற விஷயத்தில் அவனைப் போலத் தங்கமான மனுஷன் கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கல். சபாபதியின் சொந்தத்தில் ஒரு விசேஷத்துக்குப் போன இடத்தில் யாரோ ஒருவர் விளையாட்டாக அவன் நெற்றியில் விபூதியை இழுத்துவிட, அத்தனை பேர் எதிரில் குழாயடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவன் அவன்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அவன்தான்.

"கயலு, சடையப்பன் காலையிலயே வேலைய முடிச்சி வெச்சிட்டான். நான் பஸ் ஏறிட்டேன். புதுச்சத்திரம் தாண்டியாச்சி, முக்கா மணியில வந்துடுவேன். கிட்டார் பாடி காஞ்சிடுச்சா?"

"ம்... காயுது."

"நகத்த கிகத்த வெச்சிடாத" என்று சிரித்துவிட்டு வைத்தான்.

அம்மா வந்திருக்கிறாள் என்று அவள் சொல்லவில்லை. ஞானாம்பாள் எழுந்து, "அவரா? வந்துக்கிட்டிருக்காரா? அப்ப நான் கெளம்புறேன்" என்றாள்.

"இரும்மா. இன்னும் படையல்கூட போடல."

இப்படியே அனுப்பினால் விரட்டிவிட்ட மாதிரி ஆகும். இருக்கவிட்டால் அவன் வந்து பார்ப்பான். எப்படிப் பார்த்தாலும் அந்த மூன்று பொட்டும் அங்கே இருக்கக் கூடாது. கயல்விழி பொரிப் பையைக் கீழே போட்டுவிட்டுக் கட்டையின் இரண்டு பக்கமும் கையைக் கொடுத்துத் தூக்கினாள்.

"அடியே, எடுக்காத! பூசையில வெச்ச சாமான மறுபூச பண்ணாம எடுக்கக் கூடாது!"

"எல்லாம் தெரியும்மா. ஒரு நிமிஷம்."

பின்னறைக்குக் கொண்டுபோய் முதலில் பூவை எடுத்தாள். பழைய பனியன் துணியால் மெதுவாகத் தட்டினாள். சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. குங்குமம் உதிரவில்லை. சந்தனத்தின் ஈரத்தில் கரைந்து, இளகிய வெள்ளைக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டது. ஈரத்துணியால் ஒற்றிப் பார்த்தாள். பொட்டு நாலணா அளவிலிருந்து எட்டணா அளவுக்கு விரிந்தது. வேறு வழியில்லாமல் பெயிண்டைக் கரைக்கிற தின்னரைப் பஞ்சில் தொட்டாள். தொடக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். பயம் வந்தால் தெரிந்ததெல்லாம் எங்கே நிற்கிறது? தின்னர் பட்டதும் சாயம் மொத்தமாகக் கரைந்து நாலாபக்கமும் ஓடியது. வெள்ளை இளகி வழுவழுவென்று பஞ்சோடு வந்தது. மூன்று பொட்டு இருந்த இடத்தில் இப்போது அரைக் கட்டைக்கு ரோஸ் நிறத் தீற்றல்.

நிமிர்ந்தபோது அம்மா வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"குங்குமத்த அழிக்கிறியே கயலு. புருசன் சாமான்ல வெச்ச குங்குமத்த, ஒங்கையால அழிக்கிறியே. எந்தப் பொம்பளையாச்சும் செய்வாளா இத?"

"நீ வெச்சிருக்கவே கூடாதும்மா!" கயல்விழிக்கு எங்கிருந்துதான் அப்படிக் கத்த வந்ததோ. "எத்தன நாள் வேல தெரியுமா இது? ஒனக்கு ஒம் பிடிவாதந்தான் பெருசு. அன்னிக்கும் அதான், இன்னிக்கும் அதான்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு என்ன புண்ணியம்? ஞானாம்பாள் சண்டைக்கு வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அங்கேயே நின்று, மகள் செய்வதை ஒன்றுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் கயல்விழியால் தாங்க முடியவில்லை.

தண்ணீர் பேப்பரை எடுத்துத் தேய்த்தாள். கிண்ணத்துத் தண்ணீர் ரோஸாக மாறியது. பிரைமர் தெரிகிற அளவுக்குத் தேய்த்தும் ஒரு சாயல் போகவே இல்லை. துடைத்தாள், டேபிள் ஃபேனை வைத்து ஈரம் போக்கினாள். வெளியே மேகம் மூடிக்கொண்டு வந்தது. இந்த ஈரக்காற்றில் அடிக்கக் கூடாது. அதையும் பார்க்காமல், டப்பாவைக் குலுக்கி மிச்சமிருந்த வெள்ளையை அடித்தாள். சிவப்பு மறைந்தது. ஒரு தடம்கூட இல்லை. அப்பாடா என்று சுவரில் சாய்ந்தாள்.

சாய்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் ஏதோ நிழல் என்று நினைத்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். இடது ஓரத்தில், நடுவில், கீழே, வெள்ளைக்கு அடியிலிருந்து மெல்ல மெல்ல ரோஸ் ஏறி வந்துகொண்டிருந்தது. இன்னொரு கோட் அடிக்கலாமென்று டப்பாவை அழுத்தினாள். புஸ் என்று காற்றுதான் வந்தது.

மறுபடியும் போன்.

"சிப்காட் தாண்டிட்டேன். ஏதாச்சும் வாங்கிட்டு வரணுமா?"

"ஒண்ணும் வேணாம். வந்து... என்னாங்க, பாடியில சின்னதா ஒண்ணு ஆயிடுச்சி. சிவப்பு பெயிண்ட் டப்பா கவுந்து கொஞ்சம் பட்டுடுச்சி."

"சரி, வர்றேன்" என்று வைத்துவிட்டான்.

"பெயிண்டா?" என்றாள் ஞானாம்பாள்.

ஒரே ஒரு வார்த்தைதான். கேட்டுவிட்டுக் கூடத்துக்குப் போய்விட்டாள். வயர்கூடையில் பாத்திரம் வைக்கிற சத்தம் கயல்விழிக்குக் கேட்டது. ஓடிப்போய், "அம்மா, அவுரு கோவப்பட்டு ஒன்ன ஏதாச்சும் சொல்லிடக் கூடாதுன்னுதாம்மா அப்புடிச் சொன்னேன்" என்றாள். "சொல்லு, சொல்லு. ஒம் வூடு" என்றாள் ஞானாம்பாள், கூடையின் வாயைத் துண்டால் மூடிக்கொண்டே. கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் கயல்விழிக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று புரிந்தது. கையைப் பிடித்துப் பார்த்தாள். அம்மா கையை உருவிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

ஒரு கால் செருப்பை மாட்டியிருந்தாள், இன்னொரு கால் தேடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் கேட்டைத் திறந்துகொண்டு ஆரோக்கியராஜ் வந்தான். கையில் செய்தித்தாள் சுற்றிய பொட்டலம். மாமியாரைப் பார்த்ததும் அப்படியே நின்றான். மூன்று வருஷத்துக்குப் பிறகு இரண்டு பேரும் நேருக்கு நேர்.

"வாங்க அத்த" என்றான், கிளம்பிக்கொண்டிருப்பவளைப் பார்த்து.

"வந்தேன். பாத்துட்டேன். கெளம்புறேன்."

அவன் கயல்விழியைப் பார்த்தான். அவள் முகம் இருந்த நிலையில் ஒன்றும் கேட்காமல், செருப்பைக் கழற்றிவிட்டு நேரே பின்னறைக்குப் போனான். அவளும் பின்னாலேயே போனாள். கட்டை கொக்கியில் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. முன்பக்கம் முழுக்கத் திட்டுத்திட்டாக ரோஸ். அவன் பொட்டலத்தை ஜன்னலில் வைத்துவிட்டு, கட்டையின் ஓரத்தைப் பிடித்து நிறுத்தி, ரொம்ப நேரம் பார்த்தான். முகத்தில் இருந்த களை இறங்கிவிட்டது. நாளைக்கு ஸ்டேஜ்.

"எந்த டப்பா கவுந்துது?" என்றான். "நம்மகிட்ட சிவப்பே கெடையாதே."

கயல்விழி யோசித்தாள். பள்ளிக்கூடத்து டப்பா என்று சொல்லலாமா? எங்கே அது என்று கேட்டால்?

"நாந்தான் மாப்ள."

திரும்பினார்கள். ஞானாம்பாள் கூடையைக் கூடத்தில் வைத்துவிட்டு வந்து நின்றிருந்தாள்.

"இவ ஏதோ ஸ்கூலு சாமான் வெச்சிருந்தா. கை பட்டுக் கவுத்துட்டேன். டப்பாவையும் வெளிய கடாசிட்டேன். வயசாயிடுச்சில்ல, கண்ணு சரியா தெரிய மாட்டேங்குது. அவள ஒண்ணும் சொல்லாதீங்க."

ஊசியில் நூல் கோக்க இன்னும் கண்ணாடி போடாதவள் ஞானாம்பாள். தனக்கு வயதாகிவிட்டதென்று எந்த மனுஷனிடமும் ஒப்புக்கொண்டதில்லை. பொய் சொல்கிறவர்களைக் கண்டால் அவர்கள் வீட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். அவள் வாயிலிருந்து "மாப்ள" என்ற வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை. அதுவும் பொய்யோடு வந்தது. ஆசையாக, தெரிந்து, நல்ல நாளில் விளக்கேற்றிச் செய்த காரியத்தை, கண் தெரியாத கிழவி கை தவறிக் கவிழ்த்ததாக அவளே மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். வலது கையின் மோதிரவிரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டிருந்தாள். அதன் நுனியில் இன்னும் குங்குமம்.

"அய்யோ, பரவால்லங்க அத்த" என்று ஆரோக்கியராஜ் சொல்ல ஆரம்பித்தான்.

அவ்வளவுதான், எல்லாம் சுமுகமாக முடிந்துவிட்டது. கயல்விழி வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். புருஷனுக்குக் கோபமில்லை, அம்மாவும் என்றைக்காவது மறுபடி வருவாள். ஆனால் எப்படி வருவாள்? இந்த வீட்டில் கண் தெரியாதவளாக, சாமானைக் கவிழ்ப்பவளாக வருவாள். அம்மாவை அப்படி வரவிடக் கயல்விழிக்கு மனம் ஒப்பவில்லை.

"பெயிண்ட் இல்லீங்க" என்றாள். "அம்மா எதையும் கவுக்கல. அது குங்குமம். உங்க கிட்டாரையும் வெச்சிப் பூச பண்ணாங்க. நாந்தான் பயந்துபோயி அழிச்சேன். அழிச்சி அழிச்சி இப்புடி ஆக்கிட்டேன்."

ஆரோக்கியராஜ் கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்தான். விளக்குக்கு முன்னால், பிரஷ்களுக்கும் தையல் மிஷினுக்கும் நடுவே, கட்டை இருந்த இடம் காலியாகக் கிடந்தது.

"எதுக்கு அழிச்ச?"

"நீங்க கோவப்படுவீங்கன்னு."

"கோவம் வரத்தான் செய்யும். இப்பவும் வருது" என்றான் அவன். பிறகு மாமியார் பக்கம் திரும்பினான். "அத்த, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்."

"தெரியும். அதான் கேக்கல" என்றாள் ஞானாம்பாள்.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை. ஞானாம்பாள் சிரிக்கவில்லை. முந்தானைக்குள்ளிருந்த கையை வெளியே எடுத்தாள்.

"நீங்க அன்னிக்கி வாசல்ல நின்னு, எம் மூஞ்சிக்கு நேரா வேணாம்னு சொன்னீங்க. நெஞ்சில குத்தித்தான் இருந்திச்சி எனக்கு, இல்லேங்கல. ஆனா நான் குடுத்தது என்னான்னு தெரிஞ்சி நீங்க வேணாம்னீங்க." மகளைக் காட்டினாள். "இவ அதப் பெயிண்டுன்னு ஆக்கிட்டா."

கயல்விழி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். கையெல்லாம் தின்னர் நாற்றம். கண் எரிந்தது, அதற்கும் சேர்த்து அழுதாள். மற்ற இரண்டு பேரும் சமாதானம் சொல்லவில்லை. அழவேண்டியவள்தான் என்று இரண்டு பேருக்குமே தோன்றியிருக்க வேண்டும்.

கொஞ்ச நேரம் கழித்து ஆரோக்கியராஜ், "சரி, நாளைக்கு இத எப்புடி ஸ்டேஜுக்கு எடுத்துக்கிட்டுப் போறது?" என்றான்.

"வெள்ளை இனிமே நிக்காது" என்றாள் கயல்விழி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "எத்தன தடவ அடிச்சாலும் ஏறி வரும். மொத்தமா சிவப்பு அடிச்சாதான் அடங்கும்."

அவன் கட்டையை ஒருமுறை பார்த்தான். "சிவப்புன்னா சிவப்பு. டப்பா வாங்கியாறேன், இப்பவே அடிச்சிடு."

"இன்னிக்கி அடிக்கக் கூடாது" என்றாள் ஞானாம்பாள். "பூசையில வெச்ச சாமான். அழிச்சாலும் வெச்சது வெச்சதுதான். காலையில மறுபூச பண்ணிட்டு அப்பறமா தொடுங்க."

"சாயந்தரம் ஸ்டேஜ் அத்த."

"விடியறப்பவே பண்ணிடலாம்."

"இவ பண்ணுவாளா?"

"குங்குமத்த அழிச்சவ கையால எப்புடிப் பண்றது? ஆகாது."

ஆரோக்கியராஜ் கூடத்தில் இருந்த வயர்கூடையைப் பார்த்தான். "அப்ப நீங்கதான் இருக்கணும்."

ஞானாம்பாள் சம்மதித்தால் அது சம்மதம், மறுத்தால் மறுப்பு. நடுவில் ஒன்று அவளிடம் கிடையாது என்பது கயல்விழிக்குத் தெரியும்.

"இருக்கேன்" என்றாள் ஞானாம்பாள். "ஒங்கப்பாவுக்குப் போனப் போட்டுச் சொல்லிடு கயலு."

"நான் கும்புட மாட்டேன் அத்த. இப்பவே சொல்லிடுறேன்" என்றான் ஆரோக்கியராஜ்.

"ஒங்கள யாரு கும்புடச் சொன்னா? காத்துல வெளக்கு அணையாம அந்தக் கதவப் புடிச்சிக்கிட்டு நில்லுங்க. அது போதும்."

அவன் தலையாட்டினான். கயல்விழி கட்டையைக் கொக்கியிலிருந்து இறக்கினாள். ரோஸும் வெள்ளையுமாக, மேடும் பள்ளமுமாக, அவள் செய்த வேலைகளிலேயே அதைவிட அலங்கோலமான வேலை வேறு கிடையாது. கூடத்துக்குக் கொண்டுபோய், எடுத்த இடத்திலேயே அதை வைத்தாள். அம்மா பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள்.

"கொஞ்சம் நேரா வையிடி" என்றாள்.